ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்

"கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க மேடம்! முதல்ல கையை எடுங்க!" போனில் மெக்கானிக்கின் குரல் அதட்டியது.

"எடுத்துட்டேன்! எப்பத் திறப்பீங்க? எனக்கு மூச்சு முட்டுது!" கணக்கு டீச்சர் கத்தினாள்.

ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்று பத்து நிமிடம் ஆகிவிட்டது. கரன்ட் இல்லை. கும்மிருட்டு. செல்போன் வெளிச்சத்தில், சுவரில் ஒட்டியிருந்த சர்வீஸ் நம்பரைத் தேடிப் பிடித்து அடித்திருந்தாள்.

"ஆட்கள் கிளம்பிட்டாங்க. அரை மணியில வந்துடுவாங்க. காத்து உள்ளே வரும், பயப்படாதீங்க. சுவர்ல முதுகைச் சாய்ச்சுத் தரையில உட்காருங்க."

"சொல்லுவீங்க சார்! ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துக்கிட்டு உபதேசம் பண்றது ரொம்ப சுலபம்!"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "இந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும் மேடம். போன வருஷம் வேலை பார்க்கும்போது லிஃப்ட் பள்ளத்துல ஒன்பது மணி நேரம் மாட்டிக்கிட்டேன்."

"என்னைச் சமாதானப்படுத்தக் கதை விடறீங்க!"

"கதையா? அப்புறம் பதினோரு மாசம் லிஃப்ட் பக்கமே நான் தலைவச்சுப் படுக்கலை. புகார் போன் எடுக்கற வேலையில போட்டுட்டாங்க. மறுபடி லிஃப்ட்ல ஏறலைன்னா வேலையே போயிடும். 'படியேறிப் போற லிஃப்ட் மெக்கானிக் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்'னு என் வீட்டுக்காரி சொல்லுவா."

டீச்சருக்கு அந்த இருட்டிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"அவளும் இப்படித்தான் சிரிப்பா. ஆனா தினம் சாப்பிடும்போது பக்கத்துல உட்கார்ந்து, 'அன்னிக்கு என்னதான் நடந்துச்சு, சொல்லுங்க'ம்பா. பாதி சொல்லுவேன். அதோட கை கழுவ எழுந்து போயிடுவேன். மிச்சத்தை யார்கிட்டயும் சொன்னதில்லை."

"என்கிட்ட சொல்லுங்க. எனக்கும் இப்ப வேற வேலையில்லை."

மறுமுனையில் வேகமாக மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹலோ, இருக்கீங்களா?"

"இருக்கேன். நீங்க போனை மட்டும் வச்சுடாதீங்க மேடம்."

சொன்னார். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "தைரியமா இருந்தேன்னுதான் ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேன். அழுதேன் மேடம். 'அம்மா, அம்மா'ன்னு கதறினேன். நாற்பத்தாறு வயசு ஆம்பளை! ஆள் வந்ததும் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, 'டீ இருக்கா?'ன்னு கேட்டேன்."

"இதுக்கா வெட்கம்? நான் பத்தாவது நிமிஷமே எங்கம்மாவைக் கூப்பிட்டுக் கத்திட்டேன். இத்தனைக்கும் நேத்துதான் அவங்களோட சண்டை போட்டு போனை வச்சேன்!"

மெக்கானிக் சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு அடக்கமாட்டாமல். "அப்பாடா, சொல்லிட்டேன்" என்றார்.

வெளியே கடப்பாரைச் சத்தம் கேட்டது. கதவு பிளந்தது. இரண்டு தொழிலாளிகள் டீச்சரைக் கைகொடுத்து மேலே தூக்கினார்கள்.

"உங்க ஆபீஸ் எங்கே இருக்கு? போன்ல பேசினவருக்கு நேர்ல நன்றி சொல்லணும்."

"ஆபீஸ் இன்னிக்கு லீவு மேடம். புகார் போனெல்லாம் அவர் செல்லுக்குத்தான் போகும்" என்ற தொழிலாளி, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து லிஃப்டை நோக்கி நடந்தான்.

"பதினோரு மாசம் கழிச்சு, மனசைத் திடப்படுத்திக்கிட்டு இன்னிக்குத்தான் ஏறியிருக்கார். ஏறின நேரம் பார்த்து கரன்ட் போயிடுச்சு. உங்களை முதல்ல எடுக்கச் சொல்லிட்டார்... கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இந்தக் கதவையும் உடைக்கணும்."