குண்டு ள

“இதை எழுதினது யாரா இருந்தாலும் சரி, அவங்க வீட்டுக்காரர் கொடுத்து வச்சவர்,” என்றார் சிவப்பு மை. சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார்.

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை அவருக்கு. ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டுக் கூடத்தில் கூடும் கவிதை வட்டத்துக்கும் அவர்தான் எல்லாம். யார் கவிதையானாலும் சிவப்பு மையால் கீறித் தள்ளுவார் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கவிதைகளைப் பெயர் போடாமல் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். டீச்சரம்மா ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். எல்லோரும் அலசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. இந்த வருஷத் தொகுப்பில் இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி. அது யாருக்கு என்பது சிவப்பு மை கையில் இருந்தது.

“இன்னொரு தடவை வாசிங்க டீச்சர்,” என்றார்.

டீச்சரம்மா நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

*விளக்கின் ஒளியில் உன் முகம் பார்க்கிறேன்.*
*உன் தோளில் சாய்ந்து நாளை எண்ணுகிறேன்.*
*கொடுப்பதை என்னவென்று கேளாமல் குடிக்கிறாய்.*
*கொஞ்சம் கொஞ்சமாய்*
*உன்னைக் கொள்கிறேன் நான்.*

தையல்காரர் சொக்கிப் போய்விட்டார். கேளாமல் குடிக்கிறானே, புருஷன் பெண்டாட்டி நம்பிக்கைன்னா அதுதான் என்றார். டீச்சரம்மா கடைசி வரியைத் தனக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கடைசி வரிக்காகவே அந்தப் பக்கத்தைக் கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார் சிவப்பு மை. “சரி, யாரோடது இது? இப்பச் சொல்லலாம்.”

காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி, தன்னுடையது என்றாள்.

எல்லோரும் சிவப்பு மையைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் போன வருஷம் நடந்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வயிற்றிலேயே கலைந்துபோன குழந்தையைப் பற்றி அவள் எழுதியிருந்தாள், ‘பிள்ளை’ வரும் இடத்திலெல்லாம் ‘பில்லை’ என்று. பில்லைதானே, தொலைஞ்சா வேற வாங்கிக்கலாம் என்று இவர் அடித்த கிண்டலுக்கு அத்தனை பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதன் பிறகும் அவள் எழுதாமல் இருக்கவில்லை. ஒன்றே ஒன்றாவது அச்சில் வரவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். ஒவ்வொரு முறையும் அது குப்பைக்கூடைக்குப் போகும்.

அவள் எல்லோருக்கும் காபி கொடுத்தாள். சர்க்கரை போடாத காபி அவருக்கு மட்டும் தனி டம்ளரில் வந்தது.

“அண்ணி இவ்வளவு கவனிச்சும் தேற மாட்டேங்கறீங்களே அண்ணே,” என்றார் தையல்காரர். “பொங்கிப் போட்டா உடம்பு ஏறணும். உங்களுக்கு நான் அளவெடுத்துத் தைச்ச சட்டை இப்ப ஆணியில மாட்டின மாதிரி தொங்குது.”

எல்லாப் பரிசோதனையும் எடுத்தாயிற்று, டாக்டர்களுக்கே பிடிபடவில்லை என்று சொல்லிக்கொண்டே சிவப்பு மை காபியைக் குடித்து முடித்தார். பிறகு பழக்க தோஷத்தில் கவிதைத் தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“நாய் வாலை நிமிர்த்த முடியுமா? டீச்சர் திருத்தி வாசிச்சுக் காப்பாத்திட்டாங்க. விளக்கோட ‘ஒலி’யாம். விளக்கு பாட்டா பாடிச்சு? அடுத்து, உன் ‘தோலில்’ சாய்ந்து. நான் என்ன செருப்பா?” தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். “கடைசியில பாருங்க, என்னைக் ‘கொல்கிறாளாம்’.”

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே அண்ணே என்று தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளும்கூடச் சிரித்தாள்.

எல்லோரும் கிளம்பிப் போனதும் அவர் அந்தத் தாளை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டார். ஊரறியப் புகழ்ந்த வாயால் இனி இல்லை என்று சொல்ல முடியாது. சொல்ல மனசும் வரவில்லை. இத்தனை ஏச்சும் பேச்சும் வாங்கியவள் தன்னைப் பற்றி இப்படி உருகியிருக்கிறாளே என்று நினைக்க, நெஞ்சுக்குள் ஏதோ இளகிற்று.

அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கொஞ்ச நாளாகப் பேனா பிடித்தால் அவருக்கு விரல் நடுங்குகிறது. தன் சிவப்புப் பேனாவை அவள் கையில் கொடுத்தார். வேறு யாருக்கும் அதை அவர் கொடுத்ததில்லை.

“நாளைக்கு அச்சுக்குப் போகுது. உன் பேரும் போடறேன், போதுமா? மூணே இடம்தான். குண்டு ள போட்டுடு.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு திருத்தினாள். ஒலி ஒளியாயிற்று. தோல் தோளாயிற்று. பேனாவை மூடி, தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“மூணாவதை விட்டுட்டியேம்மா,” என்றார் அவர், என்றைக்கும் இல்லாத கனிவோடு.

“அது பிழை இல்லீங்க.”