கனகபாய் அதனிடம் பேசியது

புதுக்கடை ஊரில், ஒரு வீட்டின் உள்ளறையில் பிற்பகல் வெயில் திரைச்சீலையைத் தாண்டாமல் மஞ்சளாக நிற்கிறது. கூண்டுக்குள் சின்சில்லா, எலிக் காதும் அணில் வாலுமாக, சாம்பல் பஞ்சுபோலச் சுருண்டு கிடக்கிறது. அது வெக்கை தாங்காத பிராணி என்பதால் இந்த ஓர் அறையில் மட்டும் ஏசி ஓடுகிறது. அதை வளர்த்த கனகபாய் இறந்து மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து அது சரியாகத் தின்பதில்லை. இருபத்தாறு வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு அடக்கத்துக்கு வந்து சேர்ந்த அவள் கணவர் தாசையன், கூண்டின் முன்னே செல்போனைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருக்கிறார். திரையில், விலங்குகளோடு மனத்தால் பேசுவதாகச் சொல்லும் பெங்களூர்ப் பெண் கண்களை மூடியிருக்கிறாள்.

“ஏன் சாப்பிடலன்னு கேட்கவா சார்?”

“அதப் பொறவு கேளு மக்களே. அவ நாள் முழுக்க இதுக்கிட்டதான் பேசிட்டு இருப்பாளாம், அடுத்த வீட்டுல சொல்லுதாவ. எங்கிட்ட போன்ல ‘சாப்பிட்டியளா’ன்னு கேட்டுட்டு வச்சிருவா. இதுக்கிட்ட என்னத்தச் சொன்னா? எனக்க காரியம் வல்லதும், ஒரு வார்த்தையாவது, சொன்னாளா?”

சின்சில்லாவின் மீசை மட்டும் அசைகிறது. வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே முக்கில் திரும்புகிறது.

“அது கிட்ட வரமாட்டேங்குது சார். அம்மா கூப்பிடுற பேரச் சொல்லிக் கூப்பிட்டா வரும். என்ன பேரு வச்சிருந்தாங்க?”

தாசையன் கூண்டையே பார்க்கிறார்.

“அத நான் அவகிட்ட கேக்கவே இல்ல, மக்களே.”