மருந்து படாத நெல்

"பொய் சொல்லாதீங்க அண்ணாச்சி!" என்று பிளாரன்ஸ் கத்தினாள்.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே இருந்த கன்டெய்னர் யார்டு. தகரத்தில் பட்ட வெயில் திரும்பி முகத்தில் அறைந்தது. ஐரோப்பாவுக்குப் போன சிவப்பரிசி அப்படியே திரும்பி வந்திருந்தது. அரிசியில் பூஞ்சைக்கொல்லி மருந்து இருக்கிறதாம்.

ரகம் பிளாரன்ஸ் உருவாக்கியது. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் அதை விளைவித்தவர் ஆவுடையப்பன். வாங்கி அரைத்துக் கப்பலேற்றியது அவள் தம்பி ஆன்றோ.

"ஒத்தச் சொட்டு மருந்து படலம்மா" என்றார் ஆவுடையப்பன்.

"அப்ப கப்பல்காரனா வே அடிச்சான்?" என்று ஆன்றோ பாய்ந்தான்.

கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டுப் பிளாரன்ஸ் உருவாக்கிய நெல். குலைநோய்ப் பூஞ்சைக்கு மருந்தே வேண்டாத நெல்.

பூஞ்சை இலையைத் துளைக்கும்போது அதன் செல்சுவரிலிருந்து கைட்டின் என்ற பொருளின் துணுக்குகள் உதிரும். இலையின் செல்கள் அவற்றை உணர்ந்து உஷாராகிவிடும். பூஞ்சையும் சும்மா இருக்காது. அந்த எச்சரிக்கையை அமுக்க, தன் புரதங்களைச் செல்லுக்குள் அனுப்பும். வந்திருக்கும் புரதத்தை இன்னதென்று கண்டுபிடிக்கும் இன்னொரு புரதம் இந்த ரகத்தில் இருந்தது. கண்டுபிடித்ததும் அந்தச் செல்லும் பக்கத்துச் செல்கள் சிலவும் தாங்களாகவே செத்துவிடும். தின்ன உயிருள்ள செல் கிடைக்காமல் பூஞ்சை அங்கேயே முடங்கும்.

வெளியே தெரிவது ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளிதான்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் ஆவுடையப்பன் முன்பு பதறிப்போய் போன் செய்திருந்தார். அது நோய் இல்லை, நோயை நெல் நிறுத்திய இடம் என்று வரப்பில் நின்று அவள் விளக்கினாள். அவரும் தலையாட்டினார்.

தலையாட்டிவிட்டு மருந்தை அடித்திருக்கிறார்!

"பயந்து அடிச்சிட்டேன்னு சொல்லுங்க. அதையாவது உண்மையாச் சொல்லுங்க. என் உழைப்பு மொத்தத்தையும் நாசம் பண்ணிட்டு நிக்கீங்க."

ஆவுடையப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது.

"பக்கத்து வயக்காரன் பூரா அடிக்கச் சொன்னான். எம் மவன் அடிச்சே ஆவணும்னு எங்கூடச் சண்டை போட்டான். நீங்க வேண்டாம்னு சொன்னியளேன்னு அடிக்கல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அடுத்த வெள்ளாமைக்கு நானும் அடிக்கத்தான் போறேன். செஞ்ச தப்புக்காவது ஏச்சு வாங்கலாம்லா."

கேட்டைத் தாண்டி வேகமாக நடந்தார். யாரும் தடுக்கவில்லை.

மறுபடி சோதனைக்கு அனுப்ப மாதிரி எடுக்க வந்திருந்த சுங்க அதிகாரியின் ஆள் ஒரு சாக்கைக் குத்தூசியால் குத்தினார். அரிசி சரிந்து கொட்டியது. பிளாரன்ஸ் ஒரு கை அள்ளினாள்.

அவளுடைய அரிசி குட்டை, உருண்டை. உள்ளங்கையில் அது இருந்தது.

அதே சிவப்பில், நீளமாக, நுனி கூர்ந்த அரிசியும் இருந்தது.

அடுத்த சாக்கைக் குத்தச் சொன்னாள். அதில் முழுக்க நீள அரிசி.

ஆன்றோ போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆன்றோ, இதுல அவரு நெல்லு எவ்வளவு?"

அவன் குரல் இறங்கிவிட்டது. "ஆர்டர் பெருசுக்கா. பாதிதான் அவருது. மிச்சம் வெளியில எடுத்தேன். சிவப்பா இருந்தாச் சரி, வெள்ளக்காரனுக்கு என்ன தெரியப்போவுதுன்னு..."

கையிலிருந்த அரிசியை அவன் முகத்தில் வீசியடித்தாள்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "கலப்படம் சார்" என்றாள், யார்டு முழுக்கக் கேட்கும்படி. "கலந்தவன் என் தம்பி. இந்தா நிக்கான். எழுதிக்கோங்க."

"அக்கா!" என்று ஆன்றோ அலறினான். அவள் அதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தாள்.

உப்பு லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பஸ் நிறுத்தத்தில் யாருமில்லை.

ஆவுடையப்பனுக்குப் போன் போட்டாள். எடுத்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். மூச்சு வாங்கியது. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றாள்.

பஸ் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"உங்க தம்பி ஏசுனது எனக்கு ஒண்ணுமில்லம்மா. அவரு யாவாரி. எங்க வயலு கிழக்க இருக்கா மேற்க இருக்கான்னு அவருக்குத் தெரியாது."

'ஸ்ரீவைகுண்டம் ஒண்ணு' என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

"நீங்க வாரா வாரம் வந்து, எங்கூட நின்னு, இலை இலையாப் புரட்டிப் பாத்தியளே."