பட்டாளத்துக்கு ஒரு கை

சங்கரன்கோவில் சத்திரத்தில் யுத்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். நூல் வரத்து நின்று, தறியும் நின்று, பிள்ளைகளோடு பட்டினி கிடக்கும் நெசவாளி கோமதிநாயகம் கோவணத்தோடு டாக்டர் முன் நிற்கிறான். ஜன்னல் வெயில் அவன் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறது. “கையை மடக்குலே,” என்கிறார் டாக்டர். வலது புயத்தில் எலுமிச்சம்பழம் போல ஒரு தசை எழும்புகிறது; இடது புயத்தில் ஒன்றுமில்லை. டாக்டர் பென்சிலால் வலது புயத்துத் தசையைத் தட்டி, கம்பவுண்டருக்குப் பாடம் சொல்கிறார்: “பாத்தீரா வே, இது சுருங்கினா பின்னால உள்ளது தளருது. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது.” “அப்ப தள்ளணும்னா, சார்?” “பின்னால உள்ளது இழுக்கணும்.” “சின்ன வயசுல இருந்து தறியில நாடா ஓட்டுத கயிறை இழுத்த கை, எசமான்,” என்கிறான் கோமதிநாயகம். “அப்ப இந்தக் கையை மட்டும் பட்டாளத்துக்கு எடுத்துக்கிடுதேன். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போலே.” வரிசையே சிரிக்கிறது. டாக்டருக்குப் பிடித்துப்போனால் எடுத்துக்கொள்வார் என்று அவனும் சிரித்துவைக்கிறான். மடக்கிய கையை இன்னும் இறக்கவில்லை, எலுமிச்சம்பழம் நடுங்குகிறது. “அடுத்த ஆளு!” கம்பவுண்டர் அவனை வாசல் பக்கம் தள்ளுகிறார். தள்ளும்போது அவர் புயத்தின் பின்பக்கத் தசை, டாக்டர் சொன்னபடியே, அழகாகச் சுருங்கி இழுக்கிறது.