வலப்பக்கக் காலடி

“சும்மா ஊகிச்செல்லாம் சொல்லக் கூடாதுப்பா. சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருதோ அந்தப் பக்கம் கையைக் காட்டணும். சரியா?”

“ஒண்ணாம் கிளாஸ் பையனுக்குச் சொல்ற மாதிரி சொல்றியே! போடு, போடு. நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் பாம்புக் காது.”

கணக்கு வாத்தியார் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அவர் முதுகு நாற்காலியில் சாய்ந்ததில்லை. 

மகள் வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனியில் ஒலிப் பிரிவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையும் அதுவுமாக, கன்சோலையும் ஒரு பெரிய ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“எதிரி பின்னால வர்றானா, மாடியில நடக்கறானான்னு காதை வச்சே தெரியணும்ப்பா. இந்த ஹெட்போன்ல அது சரியா வருதான்னு, கேமே ஆடாத ஒருத்தர் கேட்டுச் சொல்லணும். மொத்தம் பன்னிரண்டு சத்தம். டிவியை அணைச்சுடறேன்.”

வாத்தியார் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அவருடைய இடது காது ஒழுங்காகத்தான் இருந்தது. வலது காது மூன்று வருடமாக வெறும் அழகுக்கு. யார் வந்தாலும் இடப்பக்கமாக உட்காரவைத்துப் பேசியே ஒப்பேற்றி வந்தார். பெற்ற மகளுக்கும் தெரியாது.

அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ‘டமாரம் வர்றாரு பாரு’ என்று தெருவே சிரிக்கும். முகத்துக்கு எதிரிலேயே சொல்வார்கள், அவருக்குத்தான் கேட்காதே! மகள் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். அந்தப் பட்டப்பெயரும் அவரோடு போகட்டும் என்று வாத்தியார் வீட்டில் ஒரு வார்த்தை மூச்சுவிட்டதில்லை.

முதல் சத்தம் வந்தது. சரளைக் கல்லில் யாரோ நடந்தார்கள். இடது காதுக்குள் நடந்தார்கள். எந்தத் திசையிலிருந்து என்பது அந்த ஒற்றைக் காதுக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் பென்சிலைப் பார்த்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த மகள் தாளில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு தலை வரைந்திருந்தாள். பொத்தானை அழுத்தியதும் சரியான இடத்தில் பென்சில் முனையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தாள் அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தது. முப்பது வருடம் பிள்ளைகளின் நோட்டை எதிரே நின்றே படித்தவருக்கு அது பெரிய கணக்கா?

“வலது பக்கம். கொஞ்சம் பின்னால” என்று கையை நீட்டினார்.

மகள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். “நல்லாக் கேட்டுதா?”

“ஏன், தப்பா?”

“இல்லை, சரிதான்.”

அடுத்ததும் சரி. அதற்கு அடுத்ததும் சரி. வாத்தியாருக்கு முகம் சுட்டது. அவர் வகுப்பில் காப்பி அடித்து மாட்டியவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்தபடி மீதிப் பரீட்சையை எழுத வேண்டும். எத்தனை பேரை அப்படி உட்காரவைத்திருப்பார்! இப்போது அறுபத்து நான்கு வயதில் அவரே பென்சிலைப் பார்த்துக் காப்பி அடிக்கிறார்.

ஒன்பதாவது சத்தத்தில் மகளின் முழங்கை பென்சிலை மறைத்துவிட்டது. 

“திரும்பப் போடும்மா. தெருவுல ஏதோ லாரி போச்சு.”

“லாரியா?” மகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். “எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

மாட்டிக்கொண்டோம் என்று வாத்தியார் நினைத்தார். ஆனால் மகள்தான் வெளிறிப்போயிருந்தாள். “போயிருக்கும்” என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினாள். முழங்கை விலகியிருந்தது. பென்சில் முனை வட்டத்தின் நடுவில், வரைந்திருந்த தலைமேலேயே நின்றது.

“மேலே. தலைக்கு நேர் மேலே.”

பன்னிரண்டும் முடிந்தது. வாத்தியார் ஹெட்போனைக் கழற்றி, மூச்சை மெதுவாக விட்டார்.

“எத்தனை மார்க்?”

“பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.”

“பின்னே? யாரோட காது!”

மகள் சிரிக்கவில்லை. ஹெட்போனை எடுத்துத் தான் மாட்டிக்கொண்டாள். ஒரு சத்தத்தைப் போட்டுக் கேட்டாள். பிறகு இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு அதையே மறுபடி கேட்டாள். கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“அப்போ ஹெட்போன் மேல தப்பே இல்லைப்பா. வலது பக்கச் சத்தம் வரலைன்னு ஒரு மாசமா ஆபீஸ்ல எல்லார்கூடவும் சண்டை போட்டுட்டு இருந்தேன். வந்துட்டுத்தான் இருக்கு. எனக்குத்தான் வலது காது கேக்கலை.”

வாத்தியாரின் கை தானாகத் தன் வலது காதுக்குப் போனது. 

“டாக்டர்கிட்டப் போனேன். அப்பா, தாத்தா யாருக்காவது இப்படி இருந்துச்சான்னு கேட்டார். இருந்தா அனேகமா பரம்பரைக் கோளாறுதான், சின்ன ஆபரேஷன்ல சரியாயிடுமாம். இல்லைன்னா தலைக்குள்ள கட்டி ஏதாவது இருக்கான்னு தேடணுமாம். நேராக் கேட்டா நீங்க கோவிச்சுக்குவீங்க. அதான் இதையே சாக்கா வச்சுச் சோதிச்சுப் பார்த்தேன்.” கன்சோலின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.  “நாளைக்குப் போய், எங்க வீட்டுல எல்லாருக்கும் பாம்புக் காதுன்னே சொல்லிடறேன்.”

வாத்தியார் எழுந்தார். நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

“என்னப்பா இது?”

“காப்பி அடிச்சவன் இப்படித்தான் உக்காரணும். முதல்லேருந்து போடும்மா” என்றார் அவர், திரும்பாமலே. “டாக்டர்கிட்ட உங்க தாத்தாவைப் பத்தியும் சொல்லு. தெருவே அவரை டமாரம்னுதான் கூப்பிடும்.”