பசிபிக் கரையில் அறுபதாம் கல்யாணம்

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கழுத்தில் கார்னேஷன் மாலை. இன்னும் ஈரமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போதே பெண்கள் சேர்ந்து தொடுத்துவிட்டார்கள். நார் கிடைக்காமல், பல் இடுக்கில் விட்டு இழுக்கும் நூலில் தொடுத்திருந்தார்கள். பூவை மீறிக்கொண்டு லேசாகப் புதினா வாசம் வந்தது.

போட்டோவில் கடல் விழவேண்டும் என்று இருவரையும் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தியிருந்தார்கள். எதிரே இருபது பேர், இருபது போன்கள். பின்னால் பசிபிக். படகுகளின் விளிம்பில் வரிசையாகக் கூழைக்கடாப் பறவைகள்.

அவர் கையில் மஞ்சள் கயிறு.

அது மஞ்சள் கயிறுகூட இல்லை. யாருடைய பெட்டியிலோ பெயரட்டை கட்டியிருந்த வெள்ளை நூல். கூடவே வந்த சமையல்காரர் கோதண்டத்திடம் மஞ்சள் தூள் வாங்கி, பாட்டில் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தடவியவள் அம்புஜவல்லி. திருச்சிக்காரி. இந்த ஒரு வாரத்தில் கோஷ்டி முழுவதற்கும் அக்காவாகிவிட்டவள்.

நாளை ஊருக்கு விமானம். அதற்காகப் பாஸ்போர்ட்டுகளைச் சேர்த்து வாங்கிய டூர் மேனேஜர் ரகுபதிதான் கண்டுபிடித்தான். இன்று சாருக்கு அறுபது.

அதற்கப்புறம் யாரும் இவர்களைக் கேட்கவில்லை.

ஊரில் இதை வேண்டாம் என்று தட்டிக்கழித்ததே அவள்தான். கூட்டம் வேண்டாம், ஐயர் வேண்டாம், மறுபடி கழுத்தை நீட்ட வேண்டாம். சரி, எங்கேயாவது போய்விட்டு வாருங்கள் என்று மகள் டிக்கெட் போட்டாள். பெரு. ஒரு வாரம். மலையும் கடலும்.

உலகத்தின் மறுபக்கம் வரை வந்தும் தப்ப முடியவில்லை.

மலையில், அவருக்கு மூச்சு முட்டிய அன்று, அவள் சொல்லிவிட்டாள்.

பயப்பட ஒன்றுமில்லை, உயரம் சேரவில்லை, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஹோட்டல் கட்டிலில் ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தார் அவர். ஜன்னல் நிறையப் பனிச்சிகரம்.

ஊருக்குப் போனதும் நான் தனியாக இருந்துகொள்கிறேன் என்றாள். வீடு பார்த்தாகிவிட்டது. மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

கோபத்தில் சொல்லவில்லை. முகமூடி இருந்ததால் சொன்னாள். குறுக்கே பேச முடியாத அவரை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் மலை இறங்கிய பஸ்ஸில், வளைவுக்கு வளைவு, ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். காதில் விழுந்ததா?

விழவில்லை என்றுதான் நினைத்தாள். அவள் சொல்லி எது விழுந்திருக்கிறது?

கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. ஓட்டலில் அவளுக்கு என்ன வேண்டும் என்று அவர் சொல்வார். எங்கேம்மா வலிக்கிறது என்று டாக்டர் அவளைக் கேட்டால், இடுப்பு என்பார். வலிப்பது முழங்காலாக இருக்கும். இடுப்புக்கு மருந்து வாங்கிக்கொண்டு இருவரும் வீடு திரும்புவார்கள்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கயிறு கழுத்தைத் தொட்டது. சில்லென்று மஞ்சள்.

கட்டிவிடுவார். அதுதான் அவருடைய பதில். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. இத்தனை பேர் சாட்சி.

"அன்னைக்கு நீங்க போட்டது ஒரு முடிச்சுதான் சார்," அம்புஜவல்லி கத்தினாள். "மீதி ரெண்டு உங்க அக்காவோ தங்கச்சியோ போட்டிருப்பாங்க. இங்க நாத்தனாருக்கு எங்க போறது? மூணையும் நீங்களே போடுங்க!"

"நல்லா இறுக்கிப் போடுங்க சார், இங்க காத்து ஜாஸ்தி," என்றார் கோதண்டம்.

எல்லாரும் சிரித்தார்கள்.

ரகுபதி பஸ் பக்கம் கையைக் காட்டினான். கெட்டிமேளத்துக்குப் பதிலாக டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தான். கூழைக்கடாக்கள் மொத்தமாக எழும்பின. அட்சதை விழுந்தது. அரிசி இல்லை. இருக்கிற அரிசி ராத்திரி சாதத்துக்கு வேண்டும் என்று கோதண்டம் கொடுக்க மறுத்துவிட்டார். மஞ்சள் கலந்த கீன்வா, அந்த ஊர்ச் சிறுதானியம். பொடிப்பொடியாக, மணல் மாதிரி தலையில் உதிர்ந்தது.

கொண்டைக்குக் கீழே அவர் விரல்கள்.

இரண்டு நுனிகளும் ஒன்றுசேர்வது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். முதல் இறுக்கத்துக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

ஒரு நுனியின்மேல் இன்னொரு நுனியை வைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். மூன்று முடிச்சு போடுகிற நேரம் அப்படியே நின்றார். எதிரே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் கடலைத் தவிர யாரும் இல்லை.

கேட்டிருக்கிறது.

அன்று அவள் சொன்னது அத்தனையும் கேட்டிருக்கிறது.

கல்யாணமான நாளிலிருந்து, இதுதான் முதல் தடவை.

அவர் கையை எடுத்தார்.

காற்று வீசியது. கயிறு கழுத்தோரம் நழுவத் தொடங்கியது.

அவள் கை சட்டென்று பின்னால் போய் இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டது.

"மேடம், கையை இறக்குங்க! போட்டோல நல்லா இருக்காது," என்றான் ரகுபதி.

அவள் இறக்கவில்லை.

எல்லாரும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பினார்கள். அவரும் முன்னால் நடந்தார்.

அப்போதும் இறக்கவில்லை.