கோயில் பானை

பதினேழாம் பக்கத்தில் தங்கை இருக்க வேண்டும்.

இல்லை.

அவள் தாள்களை முன்னும் பின்னுமாகப் புரட்டினாள். ஆலய வளாகத்தில் அசன விருந்தின் முதல் பந்தி. எதிரே இலை, மடியில் மை மணக்கும் சேகர வரலாறு, திருச்சபையின் புதுப் புத்தகம். ஆலயத்தின் நூற்றைம்பதாம் ஆண்டுக்கென்று அவளே எழுதிக் கொடுத்தது. ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, ஒரு தேதியும் பிசகாமல் எழுதியது.

பதினேழாம் பக்கத்தில் மணிக்கோபுரத்தின் படம் இருந்தது. கீழே ஒரு வரி: செயலர் ஞானசிகாமணியின் பாட்டனார் கட்டிக்கொடுத்தது.

அவள் எழுதியது அதுவன்று.

கோபுரம் எழும்பியது கைப்பிடி அரிசியால். உலை வைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் இட்டார்கள். கோயில் பானை. மாதக் கடைசி ஞாயிறன்று அது ஆலயத்துக்குப் போகும். அரிசியை ஏலம் விட்டுக் கல் வாங்கினார்கள்.

அவள் சிறுமியாயிருந்தபோது, மழை பொய்த்த வருடம். வீட்டுப் பானை காலி. கோயில் பானை கழுத்தளவு.

இரண்டு வயதுத் தங்கை சலோமி கஞ்சி கேட்டாள். மூன்று நாள் கேட்டாள்.

நான்காம் நாள் கேட்கவில்லை.

அம்மா அந்த மூடியைத் தொடவில்லை.

ஞாயிறன்று பானையை ஆலயத்துக்குச் சுமந்தாள். திங்களன்று சலோமியைக் கல்லறைத் தோட்டத்துக்கு.

இவ்வளவுதான் எழுதியிருந்தாள். எட்டு வரிகள்.

ஞானசிகாமணியே சோற்று வாளியுடன் பந்தியில் வந்தார். திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். பிஷப் வாற அன்னைக்கு, நல்ல நாளும் அதுவுமா, சாவுச் சங்கதி எதுக்கு? பொறவு, கூட நின்னு கட்டுனது எங்க தாத்தாதான?”

அவள் வரலாற்றை மூடி, இலைக்கு இடப்புறம் நேராக வைத்தாள்.

அவர் தாராளமாகப் பரிமாறினார்.

பந்தி முடிந்தது. எல்லோரும் இலையை மடக்கினார்கள். அவள் மடக்கவில்லை. அவள் இலையின் ஓரத்தில் ஒரு பிடி சோறு, குழம்பு படாமல், வெள்ளையாக.

“என்ன டீச்சர், சோத்த மிச்சம் வச்சிட்டீங்க?”

“மிச்சம் இல்ல, ஞானசிகாமணி. எடுத்து வச்சது.”

கோபுரத்தில் அடுத்த பந்திக்கு மணி அடித்தது.

இலை எடுப்பவர்கள் வந்து நின்றார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை.